அதிகப்பிரசங்கிக்கு நாலு கமர்கட்

செந்தாமரைக்கு அந்தப் பட்டம் கிடைத்தபோது வயது ஆறு. கொடுத்தவர் பெரிய மாமா. காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்துப் பந்தி. மாமா பக்கத்து இலைக்காரரிடம், "நமக்கு எங்க போனாலும் கார்தான். பஸ்சு ஒத்துக்கிறதில்ல" என்று அளந்துகொண்டிருந்தார். எதிர் வரிசையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த செந்தாமரை தலையைத் தூக்கி, "ஏன் மாமா, காலைல பஸ்சுல என்னைய மடியில உக்கார வச்சுக்கிட்டு வந்தது நீங்கதான?" என்றாள். பந்தியே சிரித்தது. மாமாவின் ரசம் இலையைத் தாண்டி ஓடியது. "அதிகப்பிரசங்கி!" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. போதாதா? இருபத்தெட்டு வருஷமாகியும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை.

இந்த வார்த்தையை லேசாக நினைத்துவிடக் கூடாது. வாயாடி என்று ஒன்று இருக்கிறது. அதில் கொஞ்சல் உண்டு, மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுத்துக்கொண்டே சொல்லலாம். தொணதொணப்பு என்றால் கேட்கிறவருக்குக் காது வலிக்கிறது, அவ்வளவுதான். வாய்க்கொழுப்பு என்றால் அடுத்து அடி விழப்போகிறது. அதிகப்பிரசங்கி அப்படியெல்லாம் சுலபமாகக் கிடைக்கிற பட்டமில்லை. வாய் ஓயாமல் பேசினால் மட்டும் பத்தாது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை, எல்லாரும் மூடி வைத்திருக்கிற நேரம் பார்த்து, பேசக் கூடாத ஆள் பேசிவிட வேண்டும். அதையே மீசைக்காரர் ஒருவர் பேசினால் 'விவரமான ஆளுப்பா'. நாலு வேலி நிலம் உள்ளவர் பேசினால் 'மனசுல பட்டதச் சொல்ற மனுசன்'. செந்தாமரை பேசினால் அதிகப்பிரசங்கி. அவளும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்திருக்கிறாள். இந்த முப்பத்து நாலு வயசுக்குள் பொய் சொன்னதற்காக ஒரு தடவைகூட அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் வாயை மூடிக்கொண்டுதான் ஆக வேண்டியிருந்தது.

தம்பி அருள்பாண்டிக்குப் பெண் பார்த்தாயிற்று, நாட்டரசன்கோட்டையில். பெண் பெயர் சித்ரா, சிவகங்கையில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து தம்பி போனைக் கையில் வைத்துக்கொண்டு தானாகச் சிரிக்கிறான். அன்றைக்கு நேரில் போய், இரண்டு பக்கமும் சம்மதம் சொல்லிப் பூ வைக்கிற நாள். பூ வைப்பது மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் உரிமை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போட்டதும், மிச்ச முடிச்சுப் போடுவதும் அவள்தான். செந்தாமரை அந்த இரண்டுக்காகவும் எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறாள் என்பது அவள் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிற அரக்குப் பட்டுக்குத்தான் தெரியும். தம்பியை இடுப்பில் சுமந்தவள் அவள். மூன்று வயசுவரை அவனுக்குப் பேச்சே வரவில்லை. அதுவரை அவனுக்குச் சேர்த்து இவள்தான் பேசினாள். "தம்பிக்குப் பசிக்குதாம்." "தம்பிக்கு இந்தச் சட்டை வேணாமாம்."

சிக்கல் என்னவென்றால், ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் அவள் வாயால் போயிருந்தது. முதலாவது கல்லல் பக்கம். பெண்ணின் பெரியப்பா நெஞ்சை நிமிர்த்தி, "எங்க புள்ள வாசப்படி தாண்டுனதில்ல" என்றார். "அப்ப இந்த காலேஜ் டிகிரிய யாரு போயி வாங்கிட்டு வந்தா?" என்று கேட்டுவிட்டாள். இரண்டாவது தேவகோட்டை. பெண்ணின் அண்ணன் காலை ஆட்டிக்கொண்டே, "மாப்பிள்ளைக்கு இந்த மோட்டார் காயில் கட்டுற கடை மட்டுந்தானா?" என்று இழுத்தான். "நீங்க எந்தக் கம்பெனிக்குப் போறீக?" என்றாள். அவன் நாலு வருஷமாக எந்தக் கம்பெனிக்கும் போகவில்லை. அது ஊருக்கே தெரியும், அதுதான் வினை.

ஆகவே அமராவதிபுதூர் வீட்டிலிருந்து வேன் கிளம்புமுன் அப்பா தங்கச்சாமி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தா பாரு. வாங்க, நல்லாருக்கீகளா, இந்த ரெண்டு வார்த்தைதான் ஒனக்கு. மூணாவது வார்த்தை வந்துச்சு, பூவ சீதை வைப்பா. முடிச்சும் சீதைதான் போடுவா. கண்ணாத்தா மேல சத்தியமாச் சொல்றேன்."

சீதை பெரியப்பா மகள். கேட்ட கேள்விக்கே பதில் சொல்லாத பிள்ளை, அவளும் வேனில் ஏறியிருந்தாள். அம்மா சின்னத்தாயி வேறு பக்கத்தில் நின்று, "எந்தம்பி மொகத்துக்காகவாச்சும் இருத்தா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். தன் மகனைத்தான் 'எந்தம்பி' என்கிறாள். பதற்றம் வந்தால் அம்மாவுக்கு உறவு முறையெல்லாம் கலந்துவிடும். அதைத் திருத்த வாயெடுத்த செந்தாமரை, அங்கேயே கடித்து நிறுத்தினாள்.

பிறகு நேரே தெருமுனைக் கடைக்குப் போய் நாலு கமர்கட் வாங்கினாள். பேச வருகிறபோது ஒன்றை வாயில் போட்டால் பல்லோடு பல்லை ஒட்டி வைத்துவிடும். சிமெண்டுகூட அவ்வளவு பிடிக்காது.

நாட்டரசன்கோட்டை போய்ச் சேரும்போது மூன்றே கால். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பூ வைத்தாக வேண்டும்.

பெண்ணின் அப்பா ஏகப்பன் வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்றார். செந்தாமரை, "நல்லாருக்கீகளா மாமா" என்று தன் பங்கில் ஒன்றைச் செலவழித்தாள். எல்லாரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். அடுக்களை நிலைப்படி ஓரமாக ஒரு அம்மாள், ஐம்பத்தைந்து வயசிருக்கும், வாயில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எந்தங்கச்சி காளியாயி. பல்லு வலி" என்றார் ஏகப்பன் அவசரமாக. காளியாயி தலையை மட்டும் ஆட்டினாள். கண் இரண்டும் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

பிறகு பேச்சு ஆரம்பித்தது. அதைப் பேச்சு என்று சொன்னால் பேச்சுக்குக் கேவலம்.

"மழையே இல்ல" என்றார் தங்கச்சாமி.

"ஆமா, சுத்தமா இல்ல" என்றார் ஏகப்பன்.

வெளியே சடசடவென்று தூறிக்கொண்டிருந்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் முற்றத்தில் வாளிக்குள் விழுகிற சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. வருகிற வழியில் வேன் கண்ணாடி வைப்பர் வேலை செய்யாமல் டிரைவர் துணியால் துடைத்துக்கொண்டே வந்திருந்தான். செந்தாமரைக்கு நாக்கு நுனி அரித்தது. முதல் கமர்கட்டை வாயில் போட்டாள்.

அடுத்து டீ வந்தது. அருள்பாண்டி கையை நீட்டினான். "தம்பி டீ, காபி எதுவும் தொடமாட்டாப்ல. அப்புடி வளத்துட்டோம்" என்றார் தங்கச்சாமி பெருமையாக. தட்டு வந்த வழியே திரும்பிப் போனது. ஒரு நாளைக்கு எட்டு டீ குடிக்கிற பையன், போகிற டம்ளரைப் பஸ்சைத் தவறவிட்டவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். செந்தாமரை இரண்டாவதைப் போட்டாள். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டன.

இப்போது ஏகப்பன் முறை. அவர் தொண்டையைச் செருமினார். "எங்க புள்ள வேலைக்குப் போறது... கல்யாணம் ஆயிட்டா விட்டுரும். அதப் பத்தி நீங்க கவலப்பட வேணாம்."

உள்ளே டமாரென்று ஒரு பாத்திரம் விழுந்தது. காளியாயியின் கைக்குட்டை ஒரு தடவை எழும்பி அடங்கியது. பெண் வேலைக்குப் போகிறாள் என்பதற்காகவே இந்த இடம் பிடித்துப்போனவர் தங்கச்சாமி. அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அய்யய்யோ, விட வேணாம்" என்றுதானே? மனுஷன் மரியாதைக்காரர். "நல்லது, நல்லது" என்றார். செந்தாமரைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றாவதும் உள்ளே போயிற்று.

அதற்கப்புறம் ஒருவரும் பேசவில்லை. சித்ரா வந்தாள், நமஸ்காரம் பண்ணினாள், நிலைப்படி பக்கம் போய் நின்றாள். அருள்பாண்டி அவளை ஒரே ஒரு தடவை பார்த்தான். காது மடல் சிவந்து, ஜமுக்காளத்தின் கோடுகளை எண்ண ஆரம்பித்தான். அவன் எப்போதும் அப்படித்தான், பிடித்தது எதைப் பார்த்தாலும் வாயடைத்துப்போவான். இனி யாராவது ஒருவர் "எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பெண் வீட்டுக்காரர் முதலில் கேட்கட்டும், முந்திக்கொண்டால் அலைகிறோம் என்று நினைப்பார்கள் என்று தங்கச்சாமி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் முதலில் சொல்லட்டும், நாம் கேட்டால் பெண்ணைத் தள்ளிவிடப் பார்க்கிறோம் என்பார்கள் என்று ஏகப்பன் உட்கார்ந்திருந்தார். மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச் என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்று ஐம்பது. நாலு. நாலு பத்து.

ஏகப்பன் முகம் வாடிக்கொண்டே வந்தது. இவ்வளவு நேரம் ஒன்றும் சொல்லவில்லையென்றால் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? வந்தவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தார். அவரும் மரியாதைக்காரர். "சரி... ஊருக்குப் போயி, நல்லா கலந்துக்கிட்டு, ஒரு போன் போடுங்க" என்றார்.

இந்தப் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு வேண்டாம் என்பதை வலிக்காமல் சொல்கிற விதம் அது.

தங்கச்சாமிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "ஆகட்டும், சாதகத்தையும் இன்னொருக்கா பாத்துக்கிட்டுச் சொல்லி விடுறோம்" என்றார். அதற்கும் அதே அர்த்தம்தான். ஆக, இரண்டு வீட்டுக்கும் பிடித்த சம்பந்தத்தை, இரண்டு மரியாதைக்காரர்களும் கைகூப்பிச் சிரித்த முகமாகக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். தங்கச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். அம்மா தட்டில் இருந்த மல்லிகைச் சரத்தைப் பைக்குள் வைக்கப் போனாள்.

செந்தாமரை தம்பியைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றுவிட்டான். பேச்சு வராத காலத்தில், கையில் இருந்த பொம்மையை யாராவது பிடுங்கினால் அழாமல் அக்காவையே பார்ப்பானே, அந்தப் பார்வை பார்த்தான். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் சித்ரா தாவணி போட்ட சின்னப் பிள்ளை மாதிரி விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

பேசினால் பூ போச்சு. முடிச்சும் போச்சு. அரக்குப் பட்டு பீரோவிலேயே கிடக்க வேண்டியதுதான். போனால் போகுது, தம்பிக்குப் பொண்டாட்டி வந்தால் போதும் என்று வாயைத் திறந்தாள்.

வாய் திறக்கவில்லை.

மூன்று கமர்கட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ஒட்டிவிட்டிருந்தன. "ம்ம்ம்!" என்றாள். யாரும் திரும்பவில்லை. தாடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். "ம்ம்ம்ம்ம்!" கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஏகப்பன் மிரண்டுபோய், "புள்ளைக்கு என்ன, வலிப்பா?" என்றார். செந்தாமரை பாய்ந்துபோய்த் தண்ணீர்ச் செம்பைத் தூக்கி, மடக் மடக்கென்று குடித்து, உள்ளேயிருந்ததை மென்றும் மெல்லாமலும் விழுங்கி, ஒரு கையால் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் போகக் கூடாது! மழ பெய்யுது! ஒரு மணி நேரமா பெய்யுது! எந்தம்பி ஒரு நாளைக்கு எட்டு டீ குடிப்பான்! இந்தப் புள்ள வேலைய விட வேணாம், விட்டாத்தான் எங்களுக்கு வருத்தம்! எங்களுக்குப் பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு! ஒங்களுக்குப் பிடிச்சிருக்கா இல்லையா, அத இப்பச் சொல்லுங்க மாமா, போன்ல என்ன போன்ல!"

"செந்தாமர!" என்று உறுமினார் தங்கச்சாமி.

அப்போதுதான் அந்தப் பக்கம் ஒன்று நடந்தது. காளியாயி கைக்குட்டையைத் தூக்கி முற்றத்து வாளிக்குள் வீசினாள்.

"அப்பாடி! ஏத்தா மகராசி, நீ நல்லாருப்ப!" என்று எழுந்தாள். "எனக்கு ஒரு பல்லும் வலிக்கல! எங்கண்ணன்தான், நீ அதிகப்பிரசங்கி, வாயத் தொறந்தா கல்யாணத்துல தட்ட வாங்குற எடத்துல ஒன்னைய உக்கார விடமாட்டேன்னுட்டான். போன சம்பந்தம் என்னாலதான் போச்சாம்! மாப்பிள்ளைக்குத் தலையில முடி எங்கன்னு கேட்டேன். இல்லாததக் கேட்டது ஒரு குத்தமா?"

"எந்தம்பிக்கு முடி இருக்கு சின்னம்மா, சொந்த முடி. வேணும்னா இழுத்துப் பாருங்க."

"இழுக்குறது இருக்கட்டும். எங்க புள்ள காலைல எந்திரிக்க எட்டு மணி ஆகும், சரியா?"

"ஆகட்டும். அவன் அஞ்சரைக்கே எந்திரிச்சு மொத டீ போட்டுருவான். ஊசியக் கண்டா மயக்கம் போடுவான், அதுவும் தெரிஞ்சுக்கிருங்க."

"இது கோபம் வந்தா ரெண்டு நாளு பேசாது."

"இவன் கோபம் இல்லாமலே பேச மாட்டான்!"

"ஏத்தா, அப்ப வீட்ல யாருதான் பேசுறது?"

"நாம போயிப் பேசிட்டு வருவோம், சின்னம்மா!"

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதலில் அம்மா சிரித்தாள், பிறகு வாசலில் நின்ற வேன் டிரைவர், பிறகு யாரும் எதிர்பார்க்காமல் சீதை. ஏகப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்களுக்கும் பிடிச்சிருக்குங்க. மத்தியானத்துலருந்து பிடிச்சிருக்கு" என்றார். தங்கச்சாமி, "எனக்குப் போன வாரத்துலருந்தே" என்றார். அருள்பாண்டி மெல்லிய குரலில், "ஒரு டீ கெடைக்குமா?" என்றான்.

நாலு இருபத்திரண்டு.

"சீக்கிரம், சீக்கிரம்" என்று சத்தம் போட்டார்கள். மல்லிகைச் சரம் தட்டுக்குத் திரும்பியது. அம்மா தட்டோடு நின்று தங்கச்சாமியைப் பார்த்தாள். அவர் மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். கண்ணாத்தா மேல் சத்தியம் பண்ணியாயிற்று, இப்போது நிற்பதோ அந்த அம்மன் கோயில் இருக்கிற ஊரிலேயே.

செந்தாமரை அவருக்கு வேலை வைக்கவில்லை. "சீதை, வாடி. நீ வையி" என்று தட்டை வாங்கித் தங்கை கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தூணோரமாகப் போய் நின்றாள். தம்பிக்கு நல்லது நடக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் பூவை இன்னொருத்தி எடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தோஷம் வேறு, அது வேறு.

சீதை சரத்தை எடுத்துக்கொண்டு சித்ராவிடம் போனாள். சித்ரா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நான் வச்சுக்கிற மாட்டேன்."

சரத்தை நீட்டிய கையோடு சீதை திரும்பிப் பார்த்தாள்.

"அந்தா நிக்குறாகளே, அந்த மதினி கையாலதான் வச்சுக்கிருவேன். என் வேலைய விட வேணாம்னு இங்க சொன்னது அவுக ஒருத்தருதான். அப்பா, ஒங்களையுந்தான் சொல்றேன். என்னையக் கேக்காம நான் வேலைய விட்டுருவேன்னு நீங்க எப்புடிச் சொன்னீக?"

ஏகப்பனுக்கு மீசை துடித்தது. "அதிகப்பிரசங்கி!" என்று கத்தினார்.

மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். சித்ரா, காளியாயி, தூணோரத்திலிருந்து செந்தாமரை. மூன்று பேரும் ஒரே குரலில் "என்ன?" என்றார்கள்.

தங்கச்சாமி அந்த மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு கோணியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, சீதையிடமிருந்து சரத்தை வாங்கி, தானே கொண்டுபோய் மகள் கையில் வைத்தார்.

"கண்ணாத்தாளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அவளுக்கும் இதெல்லாம் கேட்டிருக்கும்ல. போத்தா, ராகு காலம் வந்துரும்."

செந்தாமரை போனாள். சரத்தைப் பிரித்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். எத்தனையோ வருஷமாக இந்த நேரத்துக்கென்று கேலியும் கிண்டலுமாகச் சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கமர்கட்டும் இல்லை, ஆனாலும் பல் ஒட்டிக்கொண்டது. சித்ராவின் கொண்டையில் பூவைச் சுற்றி ஊசி குத்தினாள். காளியாயி பொறுக்கமாட்டாமல், "ஏதாச்சும் பேசுத்தா, பயமா இருக்கு" என்றாள். கடைசியில் செந்தாமரை குனிந்து, சித்ராவின் காதோடு மட்டும், "எங்க வீட்டுக்கு வந்தப்பறம் நீ வாய மூடிராத" என்றாள். மணி நாலு இருபத்தெட்டு.

திரும்பி வரும்போது மழை வலுத்தது. அருள்பாண்டி வேனின் பின்சீட்டில் போனை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். இப்போது மறுபக்கமிருந்து பதிலும் வந்துகொண்டிருந்தது. செந்தாமரை ஜன்னலோரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்சீட்டிலிருந்து தங்கச்சாமி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"கமர்கட்டு மிச்சம் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. எதுக்குப்பா?"

கையை நீட்டி வாங்கினார். தாளைப் பிரித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பல் ஒட்டுமுன் அவசரமாகச் சொன்னார்.

"நீ பேசிக்கிட்டு வா. அந்த மழையிலருந்து ஆரம்பி."

செந்தாமரை ஆரம்பித்தாள். அமராவதிபுதூர் வந்து சேரும்வரை நிறுத்தவில்லை.